நிறுத்து மருந்து

மார்ச் 3

அன்புள்ள அத்தைக்கு,

நலம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? போனில் பேசினால் உங்கள் காதுக் கருவி விசில் அடித்து இரண்டு பேரையும் விரட்டுகிறது. அதனால் பேனாவை எடுத்துவிட்டேன்.

கப்பலுக்குத் திரும்பும் முன் உங்கள் மகன் வீட்டுக்கு வந்தபோது, மருமகள் அங்கே என்னதான் வேலை செய்கிறாள் என்று கேட்டீர்களாம். "ஏதோ செல்லு, மருந்து, ஆர்.என்.ஏ.ன்னு சொல்லிப் பார்த்தேன். 'கட்டின புருஷனுக்கே தெரியல, நான் நாலு பேர்கிட்ட என்னன்னு சொல்றது'ன்னு பிடிபிடின்னு பிடிச்சுட்டாங்க" என்று என்னிடம் அழாத குறை. எஞ்சினைத் தவிர அவருக்கு வேறென்ன தெரியும்? நானே சொல்கிறேன். காலமெல்லாம் வக்கீல் ஆபீசில் சுருக்கெழுத்தும் தட்டச்சுமாக இருந்த உங்களுக்கு அவரைவிடச் சீக்கிரம் புரியும்.

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு பூட்டிய அறை உண்டு. மூலப் பத்திரம் அங்கேதான் இருக்கிறது. அதை யாரும் வெளியே எடுத்துப் போக முடியாது. தேவைப்படும் பக்கத்தை மட்டும் நகல் எடுத்து வெளியே அனுப்புவார்கள். அந்த நகல்தான் தூது ஆர்.என்.ஏ. அதைப் படித்து வெளியே புரதம் செய்கிறார்கள். நகல் இருக்கிற வரைக்கும் செய்துகொண்டே இருப்பார்கள். ஆகவே போதும் என்றானதும் அதைக் கிழித்தாக வேண்டும். கிழிப்பதற்கென்றே உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள்.

மனித செல்களைத் தட்டில் வைத்து, இளஞ்சிவப்பு நீர் ஊற்றி, உடம்புச் சூட்டிலேயே பெட்டிக்குள் வளர்க்கிறேன். ஒரு மருந்தைக் கொடுத்தால் எந்த நகல் அதிக நேரம் தங்குகிறது, எது சீக்கிரம் கிழிகிறது என்று பார்க்கிறேன். அதற்கு முதலில் புது நகல் எடுப்பதையே நிறுத்த வேண்டும். அதற்கென்று ஆரஞ்சு நிறத்தில் ஒரு விஷம் இருக்கிறது. நான் அதை நிறுத்து மருந்து என்று அழைக்கிறேன். அதைப் போட்டுவிட்டு, பழைய நகல்கள் எவ்வளவு வேகமாகக் குறைகின்றன என்று நேரம் விட்டு நேரம் அளப்பேன்.

இப்போது நல்ல செய்தி. பழைய மூட்டுவலி மருந்து ஒன்றைச் செல்களுக்குக் கொடுத்துப் பார்த்தோம். வீக்கத்தை அடக்கும் புரதத்தின் நகலுக்கு அது அரை ஆயுளை நீட்டுகிறது. எங்கள் ஆய்வுக்குழுத் தலைவிக்கு ஒரே சந்தோஷம். இதைக் கட்டுரையாக எழுதி அனுப்பினால் என் வேலையை மூன்று வருஷம் நீட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

உங்கள்
துடுக்கு


மார்ச் 20

மருமகளுக்கு ஆசிகள்.

கடிதம் வந்தது. கையெழுத்து முன்பைவிடத் தேவலை. நான் திட்டி வைத்த "துடுக்கு" என்ற பெயரையே கீழே போட்டிருக்கிறாய், இருக்கட்டும். "நிறுத்து மருந்து" வினைத்தொகையாக நிற்கிறது, விட்டுவிடுகிறேன். "அழாத குறை" என்று மகனைப் பற்றி எழுதியிருக்கிறாய். உண்மைதான். ஆனால் அதை நான் சொல்லலாம், நீ சொல்லலாகாது.

விஷயம் நன்றாகப் புரிந்தது. மூலம், நகல், கிழிப்பு. ஆபீசில் நான் செய்ததும் இதுதான். பதில் போட்ட கடிதத்தை வைத்துக்கொண்டிருப்பது அழுக்கு. இதை உனக்குக் கல்யாணமான புதிதிலேயே சொல்லியிருக்கிறேன். கடைப்பிடிக்கிறாய் என்று நம்புகிறேன்.

எதிர்வீட்டுப் பல் டாக்டரம்மாவிடம் உன் கண்டுபிடிப்பைச் சொன்னேன். அவள் பிள்ளை ஏதோ பரிசு வாங்கினான் என்று மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது அவள் கேட்கட்டும். பாதி வயதில் போய்விடுகிறவர்களின் ஆயுளை நீட்டும் மருந்து என்றால் சின்ன விஷயமா? உன் மாமனார் காலத்தில் இது கிடைத்திருந்தால் என்று ஒரு கணம் நினைத்தேன். அந்த நினைப்பால் யாருக்கும் பயனில்லை, விட்டுவிட்டேன். மூட்டுவலிக்கு உள்ளதுதான் என்கிறாய், எனக்கோ முழங்கால். மருந்துக் கடையில் விசாரித்து வைக்கிறேன். மருந்தின் பெயரை ஏன் எழுதவில்லை? இப்படி முக்கியமானதை விடுவதுதான் உன் குறை.

மூன்று வருஷம் நீடிப்பு கிடைப்பது உனக்குப் பெருமை. சந்தோஷம்.

அத்தை


ஏப்ரல் 8

அன்புள்ள அத்தைக்கு,

இன்று காலை உங்கள் மகன் துறைமுகத்திலிருந்து கூப்பிட்டார். பேச்சே வரவில்லை, அவ்வளவு சிரிப்பு. மருந்துக் கடைக்காரர் இவரோடு பள்ளியில் படித்தவராமே. அவர் இவருக்குச் செய்தி அனுப்பியிருக்கிறார். "உங்கம்மா வந்து ஆயுள் மாத்திரை கேட்டாங்கடா. மூட்டுவலிக்கும் கேக்கும், சாவையும் தள்ளிப்போடும்னு சொன்னாங்க. எங்க மருமக கண்டுபிடிச்சதுன்னு வேற. கடையில நின்ன அத்தனை பேரும் எனக்கும் ஒண்ணு குடுங்கன்னுட்டாங்க."

அத்தை, நானும் சிரித்தேன், பொய் சொல்ல மாட்டேன். பக்கத்து மேஜைக்காரி என்ன ஏது என்று கேட்டாள். சொன்னேன், அவளும் சிரித்தாள்.

தப்பு என்னுடையதுதான். அரை ஆயுள் என்பது மனித ஆயுள் இல்லை. நூறு நகல் இருந்தால் அது ஐம்பதாகக் குறைய எடுக்கும் நேரம். எங்கள் நகலுக்கு அது சில நிமிடங்கள்தான். மருந்து கொடுத்தால் இன்னும் சில நிமிடங்கள் கூடுகின்றன. அவ்வளவுதான். இதை வைத்து யாருடைய சாவையும் தள்ளிப்போட முடியாது. பல் டாக்டரம்மாவிடம் என்ன சொல்லப் போகிறீர்கள்? "இன்னும் ஆராய்ச்சி நடக்குது"ன்னு சொல்லித் தப்பிச்சுக்கோங்க.

ஆயுள் மாத்திரை தயாரிக்கும்
துடுக்கு


ஏப்ரல் 22

மருமகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது.

நான் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள். ஒரு சொல்லைப் பயன்படுத்தினால் அதன் பொருளுக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அரை ஆயுள் என்றால் தமிழில் ஒரே பொருள்தான். இந்த வீட்டில் அந்தப் பொருளைத் தெரிந்துகொள்ள யாரும் அகராதி பார்க்க வேண்டியதில்லை.

பக்கத்து மேஜைக்காரியிடம் சொல்லிச் சிரிக்கும்படி நான் நடந்துகொண்டதற்கு வருந்துகிறேன். இனி உன் வேலையைப் பற்றி எனக்கு எழுத வேண்டாம். எழுதினாலும் என்னிடமிருந்து பதிலை எதிர்பார்க்க வேண்டாம்.

முழங்கால் நன்றாக இருக்கிறது.


மே 30

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் பதிலை நிறுத்திய பிறகு நான் எழுதும் மூன்றாவது கடிதம் இது. முதல் இரண்டும் வந்து சேர்ந்தன என்று உங்கள் மகன் சொன்னார். "பிரிச்சுப் படிச்சாங்களா?"ன்னு கேட்டேன். "கடிதம் வந்துதுன்னு மட்டும்தான் சொன்னாங்க, அதுக்கு மேல கேக்க எனக்குத் தைரியம் இல்ல"ன்னார். ஆறடி உயரம், பெரிய மீசை, எதற்கு?

மாமாவை நான் பார்த்ததில்லை. அந்தச் சொல்லை எழுதும்போது அவர் என் நினைவில் வரவில்லை. உங்கள் இடத்திலிருந்து ஒரு முறை படித்திருந்தால் வந்திருப்பார். சிரித்ததற்கு மன்னியுங்கள். பக்கத்து மேஜைக்காரியிடம் சொன்னதற்குத் தனியாக மன்னியுங்கள். அதுதான் பெரிய தப்பு என்று எனக்குத் தெரிகிறது.

வேலையைப் பற்றி எழுதக் கூடாது என்றீர்கள், எழுதவில்லை. இங்கே மழை. சன்னலுக்குக் கீழே சைக்கிள் பழுது பார்ப்பவர் பிளாஸ்டிக் விரிப்பைக் கட்டியிருக்கிறார், அதில் நீர் தேங்கித் தேங்கிக் கொட்டுகிறது. தனியாகச் சாப்பிடுவது அலுக்கிறது.

துடுக்கு


ஜூலை 2

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் தடையை மீறுகிறேன். கோபம் வந்தால் இதற்கும் பதில் போடாமல் விட்டுவிடுங்கள். ஆனால் ஒரு முடிவு எடுக்க வேண்டும், கேட்க எனக்கு வேறு ஆள் இல்லை.

உங்கள் கடிதங்களை நான் பதில் போட்ட அன்றே கிழித்துவிடுவேன். உங்கள் உத்தரவு. ஏப்ரலில் வந்த அந்தக் கடைசிக் கடிதத்தை மட்டும் கிழிக்கவில்லை. ஆய்வுக்கூட அங்கியின் பையில் போட்டு வைத்தேன். அதில் எனக்கு நல்ல சொல் ஒன்றுகூட இல்லை. இருந்தும், புதிதாக எதுவும் வராததால் அதையே எடுத்து எடுத்துப் படித்தேன். மடிப்பு பிய்ந்து நான்கு துண்டாகத் தொங்கியது, பிசின் நாடா ஒட்டினேன்.

போன வாரம் நிறுத்து மருந்தை அளந்து ஊற்றிக்கொண்டிருந்தேன். பையில் கடிதம் கரகரத்தது. அப்போது என் கை அப்படியே நின்றுவிட்டது. நாங்கள் செல்லுக்குப் புது நகல் வருவதை நிறுத்துகிறோம். பிறகு பழையது எவ்வளவு நேரம் தங்குகிறது என்று பார்த்து, அதுதான் அதன் இயல்பு என்று எழுதிக்கொள்கிறோம். நிறுத்தியதாலேயே செல் பழையதைப் பிடித்து வைத்திருந்தால்?

இப்படி நடக்கக்கூடும் என்று புத்தகங்களில் இருக்கிறது. நானும் படித்துத் தேறியவள்தான். ஆனால் நம் கணக்கு நமக்குச் சாதகமாக வரும்போது யார் அதைத் திருப்பிப் பார்க்கிறார்கள்?

வேறு ஒரு முறை உண்டு. செல்லை நிறுத்தவே வேண்டாம். நகல் எழுதும் எழுத்துகளில் ஒன்றுக்குப் பதிலாக, அடையாளமிட்ட ஓர் எழுத்தைக் கொஞ்ச நேரம் கொடுக்க வேண்டும். அந்த நேரத்தில் எடுத்த நகல்களில் எல்லாம் அது ஏறிக்கொள்ளும். பிறகு அதை நீக்கிவிட்டு, அடையாளமுள்ளவை எப்போது மறைகின்றன என்று பார்க்கலாம். செல் தன் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும். யாருக்கும் சொல்லாமல் செய்து பார்த்தேன். திரும்பவும் செய்தேன். மூட்டுவலி மருந்து கொடுத்த தட்டிலும் கொடுக்காத தட்டிலும் நகல் ஒரே வேகத்தில்தான் மறைகிறது. எங்கள் மருந்து எதையும் நீட்டவில்லை.

எனக்குத் தோன்றுவது இதுதான். மருந்து, கிழிக்கிற ஆட்களில் சிலரை முடக்குகிறது. சும்மா விட்டால் செல் உடனே புது ஆள் எடுத்துக்கொள்ளும். ஆனால் ஆள் எடுப்பதற்கும் ஒரு நகல் வேண்டுமே, அதையும் சேர்த்துத்தான் நாங்கள் நிறுத்திவிட்டோம். ஆகவே கிழிக்க ஆளில்லாமல் நகல் தங்கியது. நாங்கள் மருந்தைப் பாராட்டினோம்.

கட்டுரை அச்சுக்குப் போகத் தயாராக இருக்கிறது. அதில் உள்ள எண்கள் எல்லாம் உண்மையாக அளந்தவை, ஒன்றுகூடப் பொய் இல்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் மூன்று வருஷம் வேலை இருக்கிறது. சொன்னால் கட்டுரை போகும், நீடிப்பும் போகும், மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்ப வேண்டியதுதான். உங்கள் மகன், "உனக்கு எது சரின்னு படுதோ செய்"ங்கறார். அதைத்தானே எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை?

என்ன செய்யட்டும் அத்தை? ஒரு வரி எழுதுங்கள்.

துடுக்கு


ஜூலை 13

அன்புள்ள துடுக்குக்கு,

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். முதல் தடவை கோபத்தோடு படித்தேன், அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

என்ன செய்யட்டும் என்று கேட்கிறாய். என்னால் சொல்ல முடியாது. தெரியாமல் இல்லை. எங்கள் ஆபீசில், வழக்கின் முடிவால் ஆதாயம் அடைகிற சாட்சி பேச ஆரம்பித்தால் பெரிய வக்கீல் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிடுவார். அதற்குமேல் அந்த ஆள் சொல்வது எதையும் அவர் குறித்துக்கொள்ள மாட்டார். என்னையும் பேனாவை நிறுத்தச் சொல்வார். இந்த விஷயத்தில் நான் அப்படிப்பட்ட சாட்சி. நீ உண்மையைச் சொன்னால் வேலை போகும். வேலை போனால் நீ இங்கே வருவாய். நீ வர வேண்டும் என்று நான் ஒவ்வொரு நாளும் நினைக்கிறேன். மார்ச் மாதம் "சந்தோஷம்" என்று எழுதினேனே, அந்த ஒரு சொல்லை எழுத எனக்கு ஒரு காலைப்பொழுது ஆயிற்று.

ஆகவே நான் "சொல்லிவிடு" என்று எழுதினால், அது நேர்மைக்காகச் சொன்னதா, எனக்காகச் சொன்னதா என்று எனக்கே தெரியாது. "சொல்லாதே" என்று எழுதினால், தியாகி வேஷம் போட்டுக்கொண்டு உன்னைத் தப்பு செய்யச் சொன்னவளாவேன். இரண்டும் வேண்டாம். என் வாக்கை நீக்கிவிட்டு யோசி. உன்னால் அது முடியும். யாரும் கேட்காமலே இரண்டு தரம் அளந்து பார்த்தவள் நீ.

இன்னொரு விஷயம். மருந்துக் கடைக்கு மறுபடி போனேன். "தம்பி, நான் சொன்னதில் ஒரு சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்டேன். அன்று கடையில் இருந்தவர்களிடம் அதைச் சொல்லிவிடு" என்றேன். "அதெல்லாம் யாரும் ஞாபகம் வெச்சிருக்க மாட்டாங்கம்மா" என்றான். "நான் வெச்சிருக்கேன்" என்றேன். எழுந்து நின்று, முழங்காலுக்கு என்று ஒரு தைலம் கொடுத்தான். மோசமில்லை.

உங்கள் துறைக்காரர்கள் யாராவது கேட்டால், அரை ஆயுளுக்குப் பதில் "பாதி கரையும் காலம்" என்று எழுதலாம் என்று சொல். கொஞ்சம் நீளம். ஆனால் யாரையும் குத்தாது.

அந்த ஒட்டுப்போட்ட கடிதத்தைக் கிழித்துவிடு. இதை வேண்டுமானால் வைத்துக்கொள்.

அத்தை


ஆகஸ்ட் 6

அன்புள்ள அத்தைக்கு,

சொல்லிவிட்டேன்.

உங்கள் கடிதம் வந்த அன்று முழுக்க உங்கள் மேல் கோபம். இப்படியா கைவிடுவார்கள் என்று. மறுநாள் காலையில் செல்களைப் பார்க்கப் பெட்டியைத் திறந்தேன். வழக்கம்போல வளர்ந்திருந்தன, இளஞ்சிவப்பு நீர் கொஞ்சம் மஞ்சளாகியிருந்தது, மாற்றினேன். மாற்றிக்கொண்டிருக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அளந்ததை அளக்காதது போல இன்னும் மூன்று வருஷம் அந்தப் பெட்டியைத் திறந்து மூட என்னால் முடியாது. அதில் உங்களுக்கும் பங்கில்லை, நேர்மைக்கும் அவ்வளவாகப் பங்கில்லை. கை வராது, அவ்வளவுதான்.

தலைவியின் அறைக்குப் போய் இரண்டு வரைபடங்களையும் அடுத்தடுத்து வைத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது எப்ப செஞ்சது?"

"ஜூன் கடைசியில."

"யார் சொல்லி?"

"யாரும் சொல்லல மேடம்."

"இன்னும் பத்து நாள் சும்மா இருந்திருந்தா கட்டுரை வெளிய வந்திருக்கும், தெரியுமா?"

"தெரியும். அதான் இன்னிக்கே வந்தேன்."

எழுந்து போய் சன்னலைத் திறந்தார், மூடினார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "என் பேரும் அதுல இருக்கு. நானும்தான் பாத்திருக்கணும்" என்றார். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "சரி, கிழிக்கிற ஆளுங்களை முடக்குதுன்னு சொல்றியே, எந்த ஆளு?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். "அப்ப கண்டுபிடி" என்றார்.

கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிட்டார். மூன்று வருஷம் கிடையாது. அதற்கான பணம் பக்கத்துக் குழுவுக்குப் போய்விட்டது. எனக்கு ஆறு மாதம். அதற்குள் அந்த ஆள் யார் என்று பிடித்தால் மேற்கொண்டு பார்க்கலாம், இல்லாவிட்டால் வீடு. நான் சரி என்று சொல்லிவிட்டேன் அத்தை. உங்களைக் கேட்காமல் சொன்னதற்குத் திட்டாதீர்கள். நீங்கள் ஆதாயமுள்ள சாட்சி, கேட்டிருக்க முடியாது.

ஆனால் "ஒவ்வொரு நாளும்" என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்த பிறகு உங்கள் மகனோடு போனில் தள்ளுவது போல, இந்த ஆறு மாதத்தையும் உங்களோடு கடிதத்தில் தள்ள எனக்கு மனசில்லை. நீங்கள் இங்கே வாருங்கள். யார் வீட்டிலும் போய்த் தங்க மாட்டீர்கள், தெரியும். உங்கள் அக்கா வீட்டுக் கல்யாணத்துக்கே விடுதியில் அறை எடுத்தவர் நீங்கள். இருந்தாலும் கேட்கிறேன். அறைகள் இரண்டு. மாடிதான், ஆனால் லிஃப்ட் இருக்கிறது, படி ஏற வேண்டாம். சன்னலுக்குக் கீழே அந்தச் சைக்கிள்காரர் நாள் முழுக்க வேலை செய்வார், அவர் செய்கிற தப்பையெல்லாம் மேலிருந்தே நீங்கள் பார்க்கலாம்.

துடுக்கு


ஆகஸ்ட் 19

அன்புள்ள துடுக்குக்கு,

உன் தலைவி நல்லவள். சன்னலைத் திறந்து மூடியதைத் தவிர அவள் நடத்தையில் எனக்குக் குறை தெரியவில்லை.

நீ ஆறு மாதத்துக்குச் சம்மதித்தது சரி. எனக்கு அதில் ஆதாயமில்லை, ஆகவே இதைத் தைரியமாகச் சொல்லலாம். படித்ததும் ஒரு மாதிரி இருந்தது. பிறகு எழுந்து போய் பீரோவைத் திறந்தேன். எந்தப் பெட்டியை எடுப்பது என்று பார்ப்பதற்காகத்தான் திறந்திருக்கிறேன் என்பது பெட்டியைக் கீழே இறக்கிய பிறகுதான் தெரிந்தது.

வருகிறேன். உன் மகன் பயணச்சீட்டு எடுக்கிறேன் என்றான். உன் மகன் என்று எழுதிவிட்டேன், என் மகன். அடித்துத் திருத்தாமல் விடுகிறேன். உனக்குச் சிரிக்க ஒன்று இருக்கட்டும், பக்கத்து மேஜைக்காரிக்கும் சொல்லலாம்.

பல் டாக்டரம்மா வாசலில் பிடித்துக்கொண்டாள். "என்ன, மருமக வேலை போயிடுச்சாமே?" என்று இரக்கமாகக் கேட்டாள். "போகல. அவ செஞ்சது தப்புன்னு அவளே கண்டுபிடிச்சு, அவளே போய்ச் சொன்னா. இன்னும் ஆறு மாசம் வெச்சிருக்காங்க" என்றேன். "இதுல பெருமைப்பட என்ன இருக்கு?" என்றாள். விளக்கிச் சொல்ல ஆரம்பித்தேன். மூலம், நகல், கிழிப்பு என்று நிறுத்து மருந்து வரைக்கும் போனேன். அவளுக்குக் கால் வலித்து உள்ளே போய்விட்டாள். எனக்கு வலிக்கவில்லை.

சில விஷயங்களை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நான் சமைப்பதை நீ தடுக்கக் கூடாது. நீ சமைப்பதை நானும் தடுக்க மாட்டேன், ஆனால் பார்த்துக்கொண்டிருப்பேன். வேலை நாட்களில் எனக்காகச் சீக்கிரம் வீடு திரும்பக் கூடாது. அந்தக் கிழிக்கிற ஆள் யார் என்று தெரியும்வரை ஊரைச் சுற்றிக் காட்டவும் வேண்டாம். என்னை யாருக்காவது அறிமுகப்படுத்தினால் "மாமியார்" என்று மட்டும் சொல், வயதைச் சொல்லாதே.

நிலையத்திலிருந்து நானே வந்துவிடுவேன், முகவரியைப் பெரிய எழுத்தில் எழுதி அனுப்பு. கதவைத் திறந்ததும் "வாங்க அத்தை, வாங்க வாங்க" என்று தடபுடல் செய்யாதே. அது விருந்தாளிக்கு. "வந்துட்டீங்களா" என்று கேள். கேட்டுவிட்டு உன் வேலையைப் பார்க்கப் போ.

அத்தை